ஒரு சொல்லின் பின்னே

தத்துவப் பேராசிரியர்களைப் பற்றி நாவல் படிக்கிறவர்களிடம் பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம். பேராசிரியர் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தத்துவம் என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். ஆனால் ஜப்பானில் கியோதோ சர்வகலாசாலையில் பன்னிரண்டு வருஷம் தத்துவம் போதித்துவிட்டு 1941-ல் இறந்துபோன கூகி ஷூஸோ என்பவரைத் தத்துவ மாணவர்களைவிட நாவல் வாசகர்கள்தான் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் அபிப்பிராயம். அவருடைய வாழ்க்கை நாவல் மாதிரி இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. இருக்கத்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடப் போவதுமில்லை. அவர் எடுத்துக்கொண்ட விஷயமே அப்படிப்பட்டது. ஒரே ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு புஸ்தகம் எழுதினார். அந்தச் சொல் பிறந்தது சாஸ்திரத்தில் அல்ல, கோயிலில் அல்ல, கேளிக்கைத் தெருவில்.

'இகி' என்பது அந்தச் சொல். தமிழில் அதை எப்படிச் சொல்வது? ஒயில் என்றால் ஒரு பங்கு வருகிறது; மிடுக்கு என்றால் இன்னொரு பங்கு; நாசூக்கு என்றால் மற்றொரு பங்கு. மூன்றையும் சேர்த்துச் சொன்னாலும் ஏதோ பாக்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் புஸ்தகம் இரண்டு தடவை வந்திருக்கிறது. 1997-ல் ஜான் கிளார்க் செய்த மொழிபெயர்ப்பின் தலைப்பு ஜப்பானிய ரசனையைப் பற்றிப் பேசுகிறது; 2004-ல் ஹிரோஷி நாரா செய்த மொழிபெயர்ப்பின் தலைப்பு பற்றற்ற நிலையைப் பற்றிப் பேசுகிறது. புஸ்தகம் ஒன்றுதான். ஒருவருக்கு அது ரசனை, இன்னொருவருக்குப் பற்றின்மை. இந்த இரண்டு தலைப்புகளுக்கும் நடுவில் எங்கேயோதான் கூகி உட்கார்ந்திருக்கிறார்.

தோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் முப்பது வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். நகரத்தின் ஒரு கோடியில், வாய்க்கால்களும் மரக்கிடங்குகளும் நிறைந்த புகாகாவா என்ற பேட்டை. அங்கே இருந்த கெய்ஷாக்கள் மற்ற இடத்துப் பெண்களைப்போலப் பளபளவென்று உடுத்துவதில்லை. ஆண்கள் அணிகிற மேலங்கியைப் போட்டுக்கொள்வார்கள். பனிக்காலத்தில்கூடக் காலுறை கிடையாது, வெறுங்கால். பணத்தைக் கண்டு பல்லிளிக்கிறவள் அங்கே மட்டமானவள். பணத்தை விசிறுகிறவனும் மட்டமானவன்தான். அவனுக்கு 'யபோ' என்று பெயர் - நாட்டுப்புறத்தான், ரசனை கெட்டவன். இந்த 'யபோ'வுக்கு எதிர்ப்பதம்தான் 'இகி'.

கூகி இதை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார். முதலாவது மயக்கு, அதாவது ஒருவரை ஒருவர் இழுக்கிற சாகசம். இரண்டாவது வணங்காமை. மூன்றாவது துறப்பு. மயக்கு என்பது கிட்டே போவது. ஆனால் சேர்ந்துவிட்டால் மயக்கு செத்துப்போகிறது. ஆகவே எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போகவேண்டும், தூரம் முழுவதும் தீர்ந்துவிடவும் கூடாது. ஆமையைத் துரத்தின அக்கிலஸ் என்ற கிரேக்க வீரனின் கதையை இங்கே கூகி கொண்டுவருகிறார். தர்க்க வகுப்பில் அந்தக் கதை ஒரு புதிர். அக்கிலஸ் ஆமையைப் பிடிக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டு, எங்கே தப்பு என்று மாணவர்களைக் கேட்பார்கள். கூகிக்கு அதில் தப்பே இல்லை. துரத்திக்கொண்டே இருக்கிற அக்கிலஸ்தான் அவருக்கு ரசிகன். இந்த ஒரு இடத்துக்காகவே அந்தப் புஸ்தகத்தைப் படிக்கலாம்.

வணங்காமைக்குச் சாமுராய்களின் தர்மத்தையும், துறப்புக்குப் பௌத்தத்தையும் அடிப்படையாகக் காட்டுகிறார். ஏமாந்து ஏமாந்து, அழுது தீர்த்து, இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று தெளிந்த மனசில் வருகிற ஒரு மெருகு இருக்கிறதே, அதுதான் மூன்றாவது அம்சம். இருபது வயதுப் பெண்ணிடம் மயக்கு இருக்கலாம். இகி இருக்க வேண்டுமானால் கொஞ்சம் வயதும் கொஞ்சம் தோல்வியும் வேண்டும்.

புஸ்தகத்தில் நான் மிகவும் ரசித்த பகுதி இதற்குப் பிறகு வருகிறது. எது இகி, எது இல்லை என்று ஒரு பேராசிரியர் கையில் விளக்கை எடுத்துக்கொண்டு தேடுகிறார். குளித்துவிட்டு வந்து மெல்லிய துணியைத் தளர உடுத்திய உருவம் இகி. அகலக் கோடு போட்ட புடவையல்ல, நெடுங்கோடு போட்டதே இகி. நெடுங்கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடியும் ஒருபோதும் சேருவதில்லை அல்லவா, அதனால். சாம்பல், பழுப்பு, நீலம் ஆகிய நிறங்கள் இகி. முகத்தில் பூச்சு மெல்லியதாக இருக்கவேண்டும். தலைமயிர் சற்றே கலைந்திருக்கலாம். கழுத்தின் பின்புறம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஐரோப்பியச் சீமாட்டிகள் விருந்துக்குத் தோளையும் மார்பையும் திறந்துகொண்டு வருவது இகி அல்ல. இதையெல்லாம் ஜெர்மன் தத்துவ நடையில், இலக்கணச் சுத்தமாக, ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் எழுதியிருக்கிறார். சிரிக்கவில்லை என்பதாலேயே படிக்கிறவனுக்குச் சந்தோஷம் உண்டாகிறது. நடுவில் ஒரு பெட்டி வரைந்து, அதன் எட்டு மூலைகளில் எட்டு ரசனைகளின் பெயரை எழுதி, மற்ற ரசனைகளெல்லாம் பெட்டிக்குள் எங்கெங்கே வரும் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தப் பெட்டி இல்லாமலும் புஸ்தகம் நன்றாகவே இருந்திருக்கும். பேராசிரியர் பழக்கம் விடுவதில்லை.

இனி நாவலாசிரியன் என்கிற முறையில் எனக்குத் தோன்றுகிற ஆட்சேபத்தைச் சொல்ல வேண்டும். கூகி தம்முடைய உதாரணங்களை எங்கிருந்து எடுத்தார்? பெரும்பாலும் தாமெனாகா ஷுன்ஸுயி போன்றவர்களின் காதல் கதைகளிலிருந்து. 1832, 1833-ம் வருஷங்களில் ஷுன்ஸுயி எழுதிய ஒரு தொடர்கதை எதோ நகரத்துப் பெண்களையெல்லாம் பித்தாக்கி வைத்திருந்தது. அது சர்க்காருக்குப் பிடிக்கவில்லை. 1842-ல் ஒழுக்கச் சீர்திருத்தம் என்று வந்தபோது அந்த மனிதனைப் பிடித்துக் கைவிலங்கு மாட்டி வீட்டிலேயே அடைத்தார்கள். அதற்குப்பின் அவன் அதிக நாள் வாழவில்லை. எண்பத்தெட்டு வருஷம் கழித்து, 1930-ல், சர்க்கார் சர்வகலாசாலையில் சம்பளம் வாங்குகிற ஒரு தத்துவாசிரியர் அதே கதைகளைப் புரட்டி, இதோ எங்கள் இனத்தின் ஆத்மா என்று எடுத்துக் காட்டுகிறார். இலக்கியாசிரியர்களுக்குக் கிடைக்கிற நியாயம் எப்போதும் இப்படித்தான் தாமதித்து வருகிறது. ஆனால் இது நியாயம்தானா? புகாகாவாவில் ஒரு சின்னப் பேட்டையில், ஒரு முப்பது நாற்பது வருஷம் வாழ்ந்த ஒரு ரசனை, ஜப்பானிய இனம் முழுவதற்கும் எப்போது சொந்தமாயிற்று? வடக்கே நெல் நடுகிற குடியானவனுக்கு இகி என்றால் என்ன தெரியும்? அவனைக் கேட்டால் அவன்தான் 'யபோ'.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் துறப்பு யாருடைய துறப்பு? கேளிக்கைத் தெருவுக்கு ஜப்பானியர்கள் கசப்பு உலகம் என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கடனுக்காகப் பெற்றோர் கையெழுத்துப்போட்டு, இத்தனை வருஷம் என்று ஒப்பந்தத்தில் விடப்பட்ட பெண்கள் அந்த உலகத்தில் நிறைய. வேறு வழியில்லாமல் வருகிற சலிப்புக்கும் புத்தர் சொன்ன பற்றின்மைக்கும் நடுவில் எத்தனையோ தூரம் இருக்கிறது. கூகி கசப்பு உலகம் என்ற பெயரைத் தொடுகிறார், தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டும் ஒன்றே என்பதுபோல ஒரு வாக்கியத்தில் தாண்டிப்போகிறார். நல்ல நாவலாசிரியன் அந்த இடத்தில்தான் உட்கார்ந்து எழுத ஆரம்பிப்பான்.

இவ்வளவு கூர்மையான மனிதர் ஏன் இப்படித் தாண்டிப்போனார் என்ற கேள்விக்குப் பதில், அவர் பிறந்த வீட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கூகி 1888 பிப்ரவரியில் தோக்கியோவில் பிறந்தார். தகப்பனார் பரன் பட்டம் பெற்ற கூகி ரியூயிச்சி, அமெரிக்காவில் ஜப்பானின் தூதராக இருந்தவர். தாயார் ஹத்ஸுகோ. இந்த அம்மாள் கியோதோவில் கியோன் என்ற கெய்ஷா பேட்டையைச் சேர்ந்தவர் என்று சொல்வார்கள். 1887-ல் வாஷிங்டனில் அந்த அம்மாள் கர்ப்பமாக இருந்தபோது, பிரசவத்துக்கு ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பத் தீர்மானித்தார்கள். ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த இருபத்துநாலு வயது இளைஞர் ஒருவர் துணைக்குக் கப்பலில் வந்தார். அவர் பெயர் ஓகாகுரா காகுஸோ.

ஓகாகுராவை நம் தேசத்தில் தெரிந்தவர்கள் உண்டு. அவர் 1901 முடிவில் இந்தியாவுக்கு வந்து விவேகானந்தருடன் புத்தகயைக்குப் போனார். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகினார். ஆசிய இலட்சியங்களைப் பற்றி 1903-ல் வெளிவந்த அவருடைய ஆங்கிலப் புஸ்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் சகோதரி நிவேதிதை. தேநீர் பற்றி 1906-ல் எழுதிய சின்னப் புஸ்தகம் உலகமெங்கும் பிரசித்தம். அதே ஓகாகுராதான். கப்பலில் ஆரம்பித்த சிநேகிதம் ஊருக்கு வந்த பிறகும் வளர்ந்தது. ஹத்ஸுகோ அம்மாள் புருஷனைப் பிரிந்து, பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாகக் குடியிருந்தார். ஓகாகுரா வருவார், போவார். அந்தச் சிறு பிள்ளைக்கு அவர் தகப்பன்மாதிரி. 1898-ல் தோக்கியோ கலாசாலையின் தலைமைப் பதவியிலிருந்து ஓகாகுரா விலக நேர்ந்தபோது, அவரைத் தூற்றி வெளிவந்த பெயரில்லாத துண்டுப்பிரசுரத்தில் இந்த விஷயமும் அடிபட்டது. 1900-ல் ஹத்ஸுகோ அம்மாளுக்கும் கணவருக்கும் விவாகரத்து ஆயிற்று. பிறகு அந்த அம்மாளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. மனநோய் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக இருந்து 1931-ல் இறந்தார். மகனுடைய புஸ்தகம் வெளியாகி அப்போது ஒரு வருஷம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. ஆகியிருந்தாலும் சில மாதங்கள்தான் கூட.

இந்த விவரத்தை வைத்துக்கொண்டு, தாயாருக்காகத்தான் அந்தப் புஸ்தகத்தை எழுதினார் என்று சொல்லிவிடுவது சுலபம். சுலபமாக இருக்கிறதாலேயே நான் அதை முழுசாக நம்பவில்லை. ஆனால் புஸ்தகத்தின் கடைசிப் பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். பெட்டி, மூலை, கோடு எல்லாம் முடிந்தபிறகு, ப்ளேட்டோவின் ஒரு கருத்தைக் கூகி பிடித்துக்கொள்கிறார்: அறிவு என்பது புதிசாகத் தெரிந்துகொள்வதல்ல, மறந்துபோனதை நினைவுக்குக் கொண்டுவருவது. இகியும் அப்படி நினைவுகூரப்பட வேண்டிய ஒன்று என்று முடிக்கிறார். ஒரு இனத்துக்கு எல்லோருக்கும் சொந்தமான, ஊரெங்கும் நிலவுகிற ஒரு விஷயத்தை யாரும் இவ்வளவு பாடுபட்டு நினைவுகூர வேண்டியதில்லை. தொலைந்துபோனதைத்தான் நினைவுகூர வேண்டும்.

அந்தப் புஸ்தகத்தின் முதல் வடிவத்தை அவர் எழுதியது ஜப்பானிலும் அல்ல, 1926-ல் பாரிஸில். தோக்கியோ சர்வகலாசாலையில் கேபர் என்ற ஜெர்மானியரிடம் படித்து 1912-ல் பட்டம் பெற்றார். அதற்கு முந்தின வருஷம் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்து அசிசி நகரத்து பிரான்சிஸின் பெயரை வைத்துக்கொண்டிருந்தார். 1918-ல், இறந்துபோன தமையனின் மனைவியை மணந்தார். 1921-ல் இருவரும் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1929 ஜனவரி வரையில் திரும்பவில்லை. பணத்துக்குக் குறைவில்லை. ஹைடல்பெர்க்கில் ரிக்கர்ட் என்ற பேராசிரியரைத் தமக்கென்று தனிப்பாடம் சொல்ல ஏற்பாடு செய்துகொண்டார். பாரிஸில் பெர்க்ஸனைப் பார்த்தார். 1927-ல் மார்பர்க் போய் ஹைடெக்கரின் வகுப்பில் உட்கார்ந்தார். பாரிஸிலிருந்து புனைபெயரில் ஜப்பானியப் பத்திரிகைக்குக் கவிதை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கவிதைகளில் பாரிஸ் பெண்களின் பெயர்கள் தாராளமாக வருகின்றன. அதற்கு நடுவில் எதோ நகரத்தின் ஏக்கமும் வருகிறது.

1928-ல் பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவம் பேச ஒரு மாணவனை வைத்துக்கொண்டார். அவன் பெயர் ழான் போல் ஸார்த்ர். ஸார்த்ர் கையெழுத்துள்ள நோட்டுப் புஸ்தகம் ஒன்று கூகியின் நூல்களோடு கோபே நகரத்தில் கோனான் சர்வகலாசாலையில் இருக்கிறது. ஹைடெக்கர் என்ற பெயரையே ஸார்த்ருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கூகிதான் என்று சிலர் ஆவேசமாகச் சொல்வார்கள். சொல்லியிருக்கலாம். பெரிய மனிதர்களுக்கு வாத்தியாராக இருந்தார் என்று நிரூபித்தால்தான் ஒரு கீழ்த்திசை அறிஞருக்கு மதிப்பு என்கிற நினைப்பு எனக்குப் பிடிப்பதில்லை. கூகிக்கு ஸார்த்ர் தேவையில்லை.

அதே 1928-ல், ஆகஸ்டு மாதம், பிரான்ஸில் போந்தின்யி என்ற இடத்தில் நடந்த அறிஞர் கூட்டத்தில் பிரெஞ்சு மொழியில் இரண்டு உபந்நியாசங்கள் செய்தார். ஒன்று காலத்தைப் பற்றி. சம்சார சக்கரத்திலிருந்து விடுபட இரண்டு வழி உண்டு என்கிறார். ஆசையை அறுத்து நிர்வாணம் அடைவது இந்தியா காட்டின வழி. சுற்றினால் சுற்றட்டும், திரும்பத் திரும்ப அதே காரியத்தை மனமாரச் செய்வேன் என்பது ஜப்பானிய வீரனின் வழி. மலைமேல் பாறையை உருட்டிக்கொண்டே இருக்கும்படி சபிக்கப்பட்ட ஸிஸிபஸ் துக்கப்படுகிறான் என்று ஏன் நினைக்கவேண்டும் என்று கேட்கிறார். இதே ஸிஸிபஸை எடுத்துக்கொண்டு காம்யு பிரசித்தமான புஸ்தகம் எழுதியது 1942-ல். 1923-ல் தோக்கியோவைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. ஜப்பானியர்கள் அங்கேயே பூமிக்கடியில் ரயில் பாதை போட்டார்கள். மறுபடியும் பூகம்பம் வருமே என்று கேட்டவர்களுக்குக் கூகியின் பதில், வந்தால் மறுபடியும் போடுவோம் என்பதுதான்.

இரண்டாவது உபந்நியாசம் ஜப்பானியக் கலையைப் பற்றி. அதன் ஆரம்பத்திலேயே ஓகாகுராவின் கருத்து ஒன்றை மேற்கோள் காட்டுகிறார். அந்தக் கூட்டத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ஒரு ஜப்பானியக் கலை நிபுணரின் பெயர், அவ்வளவுதான். மேடையில் நின்றவருக்கு அது என்ன பெயர் என்று யோசித்துப் பார்த்தேன். மாணவனாக இருந்த காலத்தில் சர்வகலாசாலை வளாகத்தில் ஓகாகுராவைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் அவர். தாயின் கதிக்குக் காரணமானவர் என்ற எண்ணம் அப்போது இருந்தது. பின்னாளில் ஓகாகுராவைப் பற்றிய நினைவுகளைச் சில பக்கங்களில் எழுதினபோது கசப்பு போய்விட்டது. கலப்பில்லாத மரியாதைதான் தம்மிடம் மிஞ்சியிருக்கிறது என்கிறார். ஒருவர்மேலும் குற்றமில்லை என்கிறார். வெளிச்சமும் நிழலும் சேர்ந்தே அந்த ஞாபகம் அவருக்கு அழகாகத் தெரிகிறது. அவர் எழுதினதிலேயே சிறந்த உரைநடை அந்தச் சில பக்கங்கள்தான் என்று சொல்வேன். அதில் தத்துவம் என்று ஒன்றும் இல்லை.

தத்துவமாகப் பார்த்தால் அவருடைய பெரிய நூல் இகி பற்றினது அல்ல. 1935-ல் வந்த 'தற்செயலின் பிரச்னை'. அந்த வருஷம்தான் அவர் கியோதோவில் முழுப் பேராசிரியரானார். தத்துவாசிரியர்கள் ஆதியிலிருந்து எது இப்படித்தான் இருந்தாகவேண்டுமோ அதைத் தேடுகிறவர்கள். கூகி எது இப்படி இல்லாமலும் இருந்திருக்கலாமோ அதைத் தேடினார். மூன்று இலைச் செடியில் எப்போதாவது ஒரு நாலிலை. ஒருவர் ஒரு தெருவில் போகும்போது வேறு காரணத்துக்காக அங்கே வருகிற இன்னொருவரைச் சந்திப்பது. பகடையில் ஆறு விழுவதற்குப் பதில் ஒன்று விழுவது. இப்படிப் படிப்படியாக ஏறி, கடைசியில் நான் நானாக இருப்பதே ஒரு பகடை விழுந்தது மாதிரிதான் என்கிற இடத்துக்கு வருகிறார். தாம் ஜப்பானியராகப் பிறந்ததும் தற்செயல். பிரெஞ்சுக்காரராகவோ எதியோப்பியராகவோ இந்தியராகவோ பிறந்திருக்கலாம். ஏன், பூச்சியாகவோ பறவையாகவோகூடப் பிறந்திருக்கலாம் என்ற கருத்து அவர் எழுத்தில் வருகிறது.

இந்தக் கருத்தையும் இகி புஸ்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தெருவின் ரசனை ஒரு இனத்தின் விதியாகிவிட்டது. இங்கே இனமே ஒரு தற்செயல். இரண்டையும் ஒரே மனிதர்தான் ஐந்து வருஷ இடைவெளியில் எழுதினார். எனக்கு இரண்டாவது மனிதரைத்தான் பிடிக்கிறது. ஒரு பெண் கர்ப்பமாக இருந்ததும், ஒரு இளைஞனின் பிரயாணம் அதே மாதத்தில் முடிந்ததும், இருவரும் ஒரே கப்பலில் ஏறியதும் எவ்வளவு பெரிய சங்கதி என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? நூலின் கடைசியில் வசுபந்துவின் சுகாவதி பற்றிய கிரந்தத்திலிருந்து ஒரு அடியை எடுத்துக்கொள்கிறார். வசுபந்து சொன்னது, புத்தரின் அருளைச் சந்தித்தவன் வீண்போவதில்லை என்ற உறுதி. கூகி அதைக் கட்டளையாகத் திருப்பிவிட்டார்: சந்திப்பை வீணாக விட்டுவிடக் கூடாது. இலக்கணத்தில் செய்தது சின்ன மாறுதல்தான்; உத்தரவாதம் போய்விட்டது, பொறுப்பு வந்துவிட்டது.

ஜப்பானியக் கவிதையில் அடிகளின் கடைசியில் இயைபு வரவேண்டும் என்று அவர் பிடிவாதமாக எழுதினதற்கும் இதுதான் காரணம். சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் ஓசையில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்கின்றன. அந்தச் சந்திப்பை வீணாக விடக்கூடாது. அவர் மொழியின் கவிகள் யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை.

ஆனால் இரண்டாவது மனிதர் நிலைக்கவில்லை. 1937-ல் சீனாவோடு யுத்தம் மூண்டது. அந்த வருஷம் ஜப்பானியப் பண்பு என்பது என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். அதிலும் மூன்று அம்சங்கள் உண்டு. வணங்காமை இருக்கிறது, துறப்பு இருக்கிறது. மயக்கைக் காணோம், அந்த இடத்தில் இயற்கை என்று ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. புகாகாவாவில் வெறுங்காலோடு நடந்த பெண்ணைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். பெண் போனபிறகு மிஞ்சின வணங்காமையும் துறப்பும் யாருக்கு உபயோகப்படும்? சிப்பாய்க்கு. அதே வருஷத்தில், சீனாவைத் தோற்கடிப்பதன் மூலமே ஜப்பானியத் தத்துவத்தின் சாரத்தை அந்த ஜனங்களுக்குப் புகட்டமுடியும் என்கிற தோரணையில் அவர் எழுதியிருக்கிறார். டிசம்பரில் ஜப்பானியச் சேனை நான்கிங் நகரத்தில் நுழைந்து செய்த அக்கிரமம் உலகத்துக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று அவர் பக்கத்தில் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் எழுதவில்லை. எழுதினவர்களிலும், எதியோப்பியனாகவோ இந்தியனாகவோ நான் பிறந்திருக்கலாம் என்று சிந்தித்து நூல் செய்தவர் வேறு யாரும் இல்லை. அதனால் அவர்மேல் என் வருத்தம் அதிகம்.

அந்தப் பெண்ணை இன்னொரு தடவையும் வெளியே அனுப்பினார்கள். 1959-ல் ஹைடெக்கர் வெளியிட்ட ஒரு நூலில், ஒரு ஜப்பானியரோடு மொழியைப் பற்றி நடத்திய சம்பாஷணை ஒன்று இருக்கிறது. கூகியின் கல்லறையை நினைத்துக்கொண்டுதான் அது ஆரம்பிக்கிறது. அவருக்குக் கோமகன் பட்டத்தைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார் ஹைடெக்கர். கூகியோ பரனின் நாலாவது பிள்ளை. 1954-ல் ஹைடெக்கரைப் போய்ப் பார்த்த தெஸுகா தோமியோ என்ற பேராசிரியர் அங்கே நடந்த பேச்சைத் தனியாக எழுதிவைத்திருக்கிறார், இரண்டும் ஒத்துப்போவதில்லை. அதாவது சம்பாஷணையில் பெரும்பகுதி ஹைடெக்கரின் சொந்தச் சிருஷ்டி. அதில் இகி என்ற சொல்லுக்கு வருகிற விளக்கத்தில் அமைதி இருக்கிறது, ஒளி இருக்கிறது, ஆனந்தம் இருக்கிறது. நெடுங்கோடு போட்ட உடுப்பு இல்லை, கழுத்துப்புறம் இல்லை, சாகசம் இல்லை. ஐரோப்பியச் சொற்களால் கீழ்நாட்டு அநுபவத்தைச் சொன்னால் அது சிதைந்துவிடாதா என்று அந்தச் சம்பாஷணை முழுவதும் கவலைப்படுகிறது. கவலைப்பட்டுக்கொண்டே சிதைத்திருக்கிறது.

கூகியோ அந்தப் பேட்டையை விட்டு வெகுதூரம் போகவில்லை. மணவாழ்க்கை முறிந்தபிறகு கியோனைச் சேர்ந்த ஒரு கெய்ஷாவோடு குடும்பம் நடத்தினார். காலையில் கியோனிலிருந்து ரிக்ஷாவில் நேரே வகுப்புக்கு வருவார் என்று கியோதோவில் பேச்சு. வந்து தேக்கார்த்தேயைப் பற்றியும் பெர்க்ஸனைப் பற்றியும் வெகு ஒழுங்காகப் பாடம் சொல்வாராம். 1941 மே மாதம் 6-ந் தேதி, ஐம்பத்துமூன்றாவது வயதில் காலமானார்.

கியோதோவில் ஹோனென் இன் என்ற கோயிலின் மரநிழலில் அவருடைய கல்லறை இருக்கிறது. கதேயின் சின்னக் கவிதை ஒன்றை நிஷிதா கிதாரோ ஜப்பானிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதிக் கொடுக்க, அதைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அதே கோயிலில், அமைதி என்று பொருள்படும் ஒரே ஒரு எழுத்துப் பொறித்த கல் ஒன்றும் இருக்கிறது. அது நாவலாசிரியர் தானிஸாகியினுடையது. கூகி படித்த உயர்தரப் பள்ளியில் அதே காலத்தில் படித்தவர் அவர். 1919-ல் தானிஸாகி ஒரு கதை எழுதினார். தாயைத் தேடி ஒரு சிறுவன் கனவில் இரவெல்லாம் நடக்கிறான். கடற்கரையில், நிலா வெளிச்சத்தில், ஷாமிஸென் வாத்தியத்தை மீட்டிக்கொண்டு தனியாகப் போகிறாள் ஓர் இளம்பெண். முகத்தில் பூச்சுப் பூசின அழகி. பேசிப் பார்த்தால் அவள்தான் அவனுடைய தாய்.